நோய் வந்தால் கடைக்கும் காய்ச்சல்தான்

தீப்பிடிக்கலாம் என்று காப்புறுதி எடுக்கிறோம். திருடன் வரலாம் என்று இரட்டைப் பூட்டுப் போடுகிறோம். நோய் வரலாம் என்று நம்மில் எத்தனை வியாபாரிகள் ஏதாவது செய்து வைத்திருக்கிறோம்?

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. இரண்டு மூன்று நாளில் திறக்கலாம் என்றுதான் நானும் துணிக்கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். சித்திரைப் புத்தாண்டு போனது. நோன்புப் பெருநாளும் போனது. மே 26இல்தான் கொழும்பில் பகல்நேர ஊரடங்கு நீங்கியது. இரண்டு பருவத்துக்கும் கடனுக்கு எடுத்த சரக்கு அப்படியே அடுக்கில் கிடந்தது. காசோலைக்குத் திகதி வந்தது. கொப்பியில் எழுதிய கடன் வரவில்லை. வேலை செய்த பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுக்க மைத்துனரிடம் கைமாற்று வாங்கினேன்.

“அது உலகத்துக்கே வந்த நோய், நாம் என்ன செய்ய முடியும்?” என்பீர்கள். சரி, டெங்குக்கு என்ன சொல்வது? 2017இல் இந்நாட்டில் 186,000க்கும் அதிகமானோர் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள். 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நுளம்பு நம் கூரைப் பீலியிலும், கடைக்குப் பின்னால் எறிந்த வாளியிலும், தயிர்ச் சட்டியிலும், பழைய டயரிலும் பெருகுகிறது. பகலில் கடிக்கிறது. பகல் முழுவதும் நாமும், வேலையாட்களும், வாடிக்கையாளர்களும் இருப்பது கடையில்தான்.

முட்டை நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் அதன் கணக்கு முடிந்துவிடும். ஆனால் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கொட்டினால் மட்டும் போதாது, உரசிக் கழுவ வேண்டும். நாமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருகிறார் என்றால்தான் தும்புத்தடியைத் தேடுகிறோம்! ஜும்ஆவுக்குக் கடை பூட்டுமுன் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? பக்கத்துக் கடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுளம்புக்கு எல்லைச் சுவர் கிடையாது.

இன்னுமொன்று. காய்ச்சலோடு வேலைக்கு வரும் பிள்ளை ஆசைப்பட்டு வருவதில்லை. சம்பளம் வெட்டுப்படும் என்று பயந்துதான் வருகிறான். அவனைச் சம்பளத்தோடு வீட்டுக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று நாள் சம்பளம் பெரிய நட்டமல்ல. 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் கொரோனா பரவிச் சந்தையே மூடப்பட்டதை மறந்துவிட்டோமா? மீன் வாங்கவே சனங்கள் பயந்தார்கள். தொலைதூரத்தில் மீன் விற்றவருக்கும் அடி விழுந்தது.

வரும் முன் தடுப்பது ஒரு பாதி. தடுக்க முடியாதது வந்தால் தாக்குப்பிடிப்பது மறுபாதி. மூன்று மாத வாடகையும் சம்பளமும் தனியே இருக்கட்டும். இலாபத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்தால் போதும். பருவச் சரக்கு முழுவதையும் கடனில் எடுக்காதீர்கள். கடன் கொப்பியை மாதாமாதம் வசூலித்து ஒழுங்காக வையுங்கள்.

இந்தப் பாடத்துக்கு நான் இரண்டு பெருநாட்களின் வியாபாரத்தை விலையாகக் கொடுத்தேன். நீங்கள் அரைமணி நேரத்தையும் கொஞ்சம் சேமிப்பையும் கொடுத்தால் போதும்.