கத்துங்க மக்கா... வெட்கம் எதுக்கு?

டேக்வாண்டோ கிளாஸ்ல முதல் நாள் எல்லாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ‘உதைக்கச் சொல்றாங்க, சரி... எதுக்குக் கத்தச் சொல்றாங்க?’

அந்தக் கத்தலுக்குப் பேரு கிஹாப். கத்தும்போது மூச்சு வெளியே போகும், வயிறு இறுகும், எதிராளி உதைச்சாலும் தாங்கும். நம்மாளுங்க பலர் பக்கத்துல கிரிக்கெட் ஆடுறவன் சிரிப்பானேன்னு வாயை மூடிக்கிட்டே உதைப்பாங்க. மூச்சு உள்ளேயே நிக்கும், உடம்பு விறைச்சுப்போகும், காலு கனக்கும்.

மூச்சை அடக்குறது தூத்துக்குடிக்குப் புதுசு இல்லை. கல்லைக் கட்டின கயித்தோட கடலுக்குள்ள இறங்கி, மூச்சடக்கி சிப்பி அள்ளின ஊரு இது. 1961-ல நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு. ஆனா அது ஒரு மூச்சு வேலை. டேக்வாண்டோ அப்படி இல்லை. ரவுண்டுக்கு 2 நிமிஷம், நடுவுல 1 நிமிஷம் ரெஸ்ட். 3 ரவுண்டுல 2 ஜெயிச்சாதான் மேட்ச் உங்களுக்கு. உடம்புல உதைச்சா 2 பாயின்ட், தலையில உதைச்சா 3. ரெண்டாவது ரவுண்டுல மூச்சு வாங்குறவனுக்குத் தலை வரைக்கும் கால் எழும்பாது.

சாயங்காலம் கிரவுண்டுல டெஸ்ட் பண்ணிப் பாருங்க. வாயை மூடிக்கிட்டு 10 உதை, ரெஸ்ட் எடுத்துட்டுக் கத்திக்கிட்டு 10 உதை. வித்தியாசத்தைக் காலே சொல்லும். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ரிங்குக்குள்ள அவனா வந்து உதை வாங்கப்போறான்?