அடுத்த வீட்டில் ஒருவர் படுத்திருக்கிறார்

வடகேரளத்தில் சில நாட்களில் தனியார் பேருந்தில் ஏறினால் டிக்கெட் கிழிக்க மாட்டார்கள். கண்டக்டர் கையில் ஒரு வாளி இருக்கும். ஏறியவர் தம்மால் முடிந்ததை அதில் போடுவார். பத்து ரூபாய் தூரத்துக்கு ஐம்பது போடுகிறவரும் உண்டு, மடித்த நூறு ரூபாய் நோட்டை யாருக்கும் தெரியாமல் செருகுகிறவரும் உண்டு. அன்றைய வசூல் யாரோ ஒருவருடைய சிறுநீரக அறுவைச் சிகிச்சைக்கோ, ஊரிலுள்ள 'பாலியேட்டிவ்' கிளினிக்குக்கோ போய்ச் சேரும்.

பாலியேட்டிவ் என்ற அந்த ஆங்கிலச் சொல் மற்ற ஊர்களில் மருத்துவக் கருத்தரங்குகளைத் தாண்டுவதில்லை. மலப்புறம் மாவட்டத்தில் அது ஆட்டோ ஸ்டாண்டிலும் புழங்குகிறது. படுத்த படுக்கையாகிவிட்டவரை அங்கே 'கிடப்பு ரோகி' என்கிறார்கள். அப்படி ஒருவர் கிடக்கும் வீட்டில், பாலியேட்டிவ்காரர்கள் எந்தக் கிழமை வருவார்கள் என்று கேட்பது, கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்பதைப் போன்ற சாதாரணக் கேள்வி. குணமாக்க முடியாது என்று ஆன பிறகும் ஒரு நோயாளிக்குச் செய்ய எவ்வளவோ இருக்கிறது. அதைச் செய்யும் வேலைக்குத்தான் இந்தப் பெயர். தமிழக அரசு இதை நோய் ஆதரவு சிகிச்சை என்கிறது. நல்ல பெயர்தான். நம் தெருக்களுக்குள் அது இன்னும் வரவில்லை.

இது தொடங்கியது 1993-ல், கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில். மயக்கவியல் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார், இவர்களோடு அசோக் குமார் என்ற தன்னார்வலர். தொடங்கிய மூவரில் ஒருவர் மருத்துவர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை அதில்தான் இருந்தது.

ராஜகோபால் பல மேடைகளில் சொல்லிவரும் அனுபவம் ஒன்று உண்டு. புற்றுநோயால் கடும் வலியில் துடித்த கல்லூரி ஆசிரியர் ஒருவருக்கு, நரம்பில் ஊசி போட்டு வலியை நிறுத்தினார். மறுபடி எப்போது வர வேண்டும் என்று அவர் கேட்டார். வலிதான் போய்விட்டதே, வரத் தேவையில்லை என்றார் மருத்துவர். தம் நோய் தீராதது என்பதே அந்த மனிதருக்கு அந்தப் பேச்சில்தான் தெரிந்தது. வீடு திரும்பியவர் உயிரை மாய்த்துக்கொண்டார். நரம்பைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை என்ற உறுத்தல்தான் அந்த மருத்துவரை வேறு பாதைக்குத் திருப்பியது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. விருதைவிட, தம் தவற்றை அவரே ஊரறியச் சொல்லிவருவது பெரிய விஷயம்.

கோழிக்கோட்டில் கூட்டம் கூடியது. ஆனால் ஒரு முறை வந்தவர்களில் பலர் மறுமுறை வரவில்லை. குணமாகிவிட்டதால் அல்ல. எழுந்து நடக்க முடியாதவரை ஜீப் பிடித்து, இரண்டு பேர் தூக்கிவந்து, ஒரு நாள் கூலியையும் இழந்து நகரத்துக்குக் கொண்டுவர எந்த ஏழை வீட்டால் முடியும்? அதனால் மருத்துவம் வீட்டுக்குப் போனது. போன இடத்தில் இன்னொன்று தெரிந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லி மாத்திரை கொடுத்துவிட்டு வந்தால், அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போவதை நிறுத்தியிருக்கிறது. மனைவி மூன்று மாதமாகத் தூங்கவில்லை. இதற்கெல்லாம் எந்த மருத்துவர் சீட்டு எழுதுவார்? எழுதினாலும் எந்தக் கடையில் வாங்குவது?

பக்கத்து வீட்டில்தான் வாங்க வேண்டும். மஞ்சேரி, நிலம்பூர் போன்ற ஊர்களில் தொண்ணூறுகளின் நடுவிலேயே உள்ளூர்க்காரர்கள் கிளினிக்குகளைத் தொடங்கியிருந்தார்கள். 2001-ல் மலப்புறத்தை மையமாக வைத்து இவை ஒரு வலைப்பின்னலாக ஆயின. ஏற்பாடு எளிமையானது. தொண்டராக விரும்புகிறவர் 16 மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். பிறகு நான்கு முறை அனுபவமுள்ளவர்களோடு நோயாளிகளைப் பார்க்கப் போக வேண்டும். அதன்பின் வாரத்தில் சில மணி நேரம் தர வேண்டும். ஆசிரியர், தையற்காரர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், கல்லூரி மாணவர் என்று யாரும் வரலாம். படிப்பு, பட்டம் எதுவும் கேட்பதில்லை.

அந்த 16 மணி நேரத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்பது முக்கியம். ஒரு பகுதி பேசாமல் இருக்கத்தான் பயிற்சி. 'எல்லாம் சரியாகிவிடும்', 'கடவுள் பார்த்துக்கொள்வார்', 'என் பெரியப்பாவுக்கும் இப்படித்தான்' என்று நாம் நோயாளி வீட்டில் அள்ளி இறைக்கும் வாக்கியங்களை விழுங்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு போய், பத்து நிமிடத்தில் மூன்று அறிவுரையும் சொல்லிவிட்டு எழுந்து வருவதைத்தான் நலம் விசாரிப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உட்கார்ந்து, அவர் சொல்வதைக் கேட்டு, அவர் அழுதால் அழ விடுவது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு பகுதி கைவேலை. படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் முதுகில் புண் வரும். முதுகுப் புண் வந்த வீட்டில் நாற்றம் வரும். நாற்றம் வந்தால் உறவினர் வருவது குறையும், பேரக் குழந்தைகள் அந்த அறைக்குள் போவது நிற்கும். நோயாளி முதலில் இழப்பது உயிரை அல்ல, மனிதர்களை. அந்த நாற்றத்தைக் குறைக்க மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் பெரும்பாலும் போதும். இதை ஒரு செவிலியர் மருமகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் குடும்பங்கள் எத்தனையோ.

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர்கள் கேரளத்தில் நிறைய. புற்றுநோயாளிக்கு என்று தொடங்கிய கிளினிக்குகளின் பட்டியலில் இவர்களும், பக்கவாதம் வந்தவர்களும், முதுமையில் முடங்கியவர்களும் விரைவிலேயே சேர்ந்துகொண்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத இளைஞருக்கு இன்னும் முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை மிச்சம் இருக்கிறது. அவருக்கு மருந்தைவிட வேலை வேண்டும். கட்டிலில் இருந்தபடியே குடை தைக்கப் பழக்கி, அந்தக் குடைகளை மழைக்காலத்துக்கு முன் விற்றுத் தருவதும் தொண்டர்கள் வேலையானது.

ஆலப்புழை மாவட்டத்தில் பாதிரப்பள்ளியைச் சேர்ந்த சிநேகஜாலகம் என்ற பாலியேட்டிவ் அமைப்பு, நோயாளிகளின் வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோவதில் ஆரம்பித்து, 2018-ல் கல்லாப்பெட்டிக்கு ஆள் இல்லாத உணவகம் ஒன்றைத் திறந்தது. சாப்பிட்டவர் விருப்பம்போல் பெட்டியில் பணம் போடலாம், போடாமலும் போகலாம். வலியைத் தேடிப் போனவர்கள் பசியில் போய் முட்டிக்கொண்ட கதைதான் இதுவும்.

இதெல்லாம் கருணையால் மட்டும் நடந்தது என்று சொல்லிவிட்டால் பாதி உண்மைதான். புற்றுநோய் முற்றியவரின் வலிக்கு முன் எந்த ஆறுதல் மொழியும் நிற்காது. அதற்கு மார்பின் வேண்டும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிரிட்டு, மார்பினுக்கான மூலப்பொருளை உலகுக்கு விற்கும் நாடு இது. அந்த நாட்டிலேயே நோயாளிக்கு அது கிடைக்கவில்லை. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அவ்வளவு கடுமை. ஒரு புட்டி மார்பின் வைத்துக்கொள்ள நாலைந்து உரிமங்கள் வேண்டியிருந்தன. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் சிறு பிழை என்றாலும் சிறை. மருத்துவமனைகள் கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டன. 1997-க்குள் நாட்டின் மார்பின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. கேரளம் தொண்ணூறுகளின் இறுதியில் விதிகளைத் தளர்த்தியது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2014-ல்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ராஜகோபால் போன்றவர்கள் இதற்காக ஆண்டுக்கணக்கில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார்கள். மனு போட்டு விதியை மாற்றுவதும் தொண்டுதான். அதைப் படம் எடுத்துப் போட முடியாது என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

2008-ல் கேரள அரசு நோய் ஆதரவு சிகிச்சைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அது. அங்கே இருப்பவை 941 கிராமப் பஞ்சாயத்துகள். அந்தப் பஞ்சாயத்துகளின் பணத்தில் செவிலியர்கள் நியமிக்கப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு இணைக்கப்பட்டு, வீட்டுக்கு வீடு போகத் தொடங்கினார்கள். 2010-ல் எக்கனாமிஸ்ட் இதழ்க் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு, 40 நாடுகளில் மக்கள் எப்படி இறக்கிறார்கள் என்று ஒப்பிட்டது. இந்தியாவுக்குக் கிடைத்தது கடைசி இடம். அதே அறிக்கை கேரளத்தை மட்டும் தனியே எடுத்துப் பாராட்டியது: நாட்டின் மக்கள்தொகையில் 3 விழுக்காடு, நோய் ஆதரவுச் சேவையில் மூன்றில் இரண்டு பங்கு.

குறை இல்லாமல் இல்லை. கட்சிகள் உள்ளே வந்தன. கண்ணூரில் ஒரு கட்சியின் அமைப்பு, மலப்புறத்தில் இன்னொரு கட்சியின் அமைப்பு. போட்டியில் நோயாளிக்கு இரண்டு வாட்டர் பெட் கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் கட்சிக்கொடி பார்த்து வீடு தேர்ந்தெடுக்கும் நாள் வந்துவிடக் கூடாதே என்ற கவலை நியாயமானது. அரசு செவிலியர் வந்த பிறகு, 'அதுதான் பஞ்சாயத்து பார்த்துக்கொள்கிறதே' என்று தொண்டர்கள் தளரும் ஆபத்தும் உண்டு. சம்பளத்துக்கு ஆள் போட வேண்டிய இடத்தில் சேவை என்ற பெயரில் இலவச உழைப்பை வாங்கிக்கொள்ளும் ஆசை எந்த அரசுக்கும் வரும். செவிலியருக்கு முறையான சம்பளம், தொண்டருக்குத் தெளிவான எல்லை என்ற இரண்டும் இல்லாவிட்டால் இந்த ஏற்பாடு நாள்போக்கில் நைந்துவிடும்.

தமிழகத்துக்கு இரக்கம் புதிதல்ல. வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், யாரும் கூப்பிடாமலே, இளைஞர்கள் படகிலும் லாரியிலும் சோற்றுப் பொட்டலங்களோடு சென்னைத் தெருக்களில் இறங்கினார்கள். ஒரு நாள் துயரத்துக்கு ஓடிவருவதில் இந்த ஊரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் மூன்று வருடம் கட்டிலில் கிடப்பவரின் துயரம் தினமும் ஒரே மாதிரி இருக்கும். அதற்கு ஓடிவருகிறவர் தேவையில்லை. வியாழக்கிழமை தோறும் தவறாமல் வருகிறவர் தேவை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இதில் பெரிய முன்னேற்றம். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. ஆனால் நோய் ஆதரவு சிகிச்சை தரும் செவிலியர்கள் வட்டார (ஊராட்சி ஒன்றிய) அளவில்தான் இருக்கிறார்கள். தமிழகத்தில் 388 ஊராட்சி ஒன்றியங்கள், சுமார் 12,500 ஊராட்சிகள். ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சி. கேரளப் பஞ்சாயத்து நம் ஊராட்சியைவிடப் பல மடங்கு பெரியது என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், அந்தச் செவிலியர் ஒரு வீட்டுக்கு வந்துபோன பிறகு அடுத்த முறை வரும்வரை இடையில் கிடக்கும் நாட்கள் அதிகம். அந்த நாட்களில் நோயாளியைப் புரட்டிப் போட ஒரு கை, மனைவி இரண்டு மணி நேரம் தூங்க ஒரு காவல், மாத்திரை தீர்ந்ததைச் செவிலியருக்குச் சொல்ல ஒரு போன். இதை அரசாணை போட்டு வரவழைக்க முடியாது. தெருவில்தான் திரட்ட வேண்டும்.

திரட்ட ஆள் இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழு இல்லாத ஊர் இல்லை. ரசிகர் மன்றம், இளைஞர் நற்பணி மன்றம், நடைப்பயிற்சிக் குழு, குடியிருப்போர் சங்கம், திருவிழாக் கமிட்டி என்று கூடிப் பேசும் இடங்களுக்கும் பஞ்சமில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு தீர்மானம் போடலாம்: நம் தெருவில், நம் வார்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள் யார் யார் என்று கணக்கெடுப்பது. அந்தப் பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்து, வரும் செவிலியரிடமே பயிற்சி கேட்பது. மலப்புறத்துத் தொண்டர்கள் எடுத்துக்கொண்ட பயிற்சி 16 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால், எட்டு ஞாயிறு.