திருப்பி அனுப்பாதீர்கள்!

கணவனின் அடி தாங்காமல் நள்ளிரவில் கைக்குழந்தையோடு ஒரு சகோதரி வெளியேறுகிறாள். எங்கே போவாள்? தாய்வீடு "பொறுத்துப் போ" என்கிறது. பல ஊர்களில் ஜமாஅத்தும் சமரசம் பேசி அதே வீட்டுக்கே அனுப்பி வைக்கிறது. இதுவா நீதி?

2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 6வது பிரிவு, அவள் கேட்டால் காப்பகம் இடம் தந்தே ஆகவேண்டும் என்கிறது. சென்னையில் பி.சி.வி.சி. என்ற தொண்டு நிறுவனம் 2001 முதல் இத்தகைய பெண்களுக்குத் துணை நிற்கிறது. தீக்காயமுற்றோருக்கும் மையம் நடத்துகிறது. நாம் என்ன செய்தோம்?

வணிகப் பெருமக்களே! திருமண மண்டபம் கட்ட வாரி வழங்குகிறீர்கள். அந்தத் திருமணம் அடி உதையில் முடிந்தால் அவள் தங்க ஓர் அறை உண்டா?

இளைஞர்களே! 181 என்ற உதவி எண்ணைப் பள்ளிவாசல் பலகைதோறும் எழுதுங்கள். மய்யித்தாகத் தோளில் சுமக்குமுன், உயிரோடு வருபவளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்!