தடையுத்தரவே தீர்ப்பாகாது!

"பைபாஸ் சத்திரசிகிச்சை முடிந்தது, இனி இருதயத்தைப் பற்றிய கவலை ஒழிந்தது" என்றெண்ணி, மருந்தையும் வைத்தியரையும் ஒருங்கே மறந்து வாழ்வோர் பலர். அவ்வெண்ணம் உயிருக்கே உலை வைக்கும் என்பதை நாம் வற்புறுத்திக் கூற விரும்புகிறோம்.

1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், ஆர்ஜென்டீன வைத்தியர் ரெனே ஃபவலோரோ, காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அடைபட்ட இருதய நாடிக்கு மாற்றுவழி அமைத்தார். அன்றுதொட்டு இச்சிகிச்சையால் மறுவாழ்வு பெற்றோர் எண்ணிலர். ஆனால், மாற்றுவழி அமைந்ததால் மூலநோய் ஒழிந்துவிட்டதா? இல்லை! குறைந்த அழுத்தத்துக்குப் பழகிய கால் நாளம், நாடியின் பேரழுத்தத்தைத் தாங்கித் தடிக்கிறது; பின்னர் ஒடுங்குகிறது. பத்தாண்டுகளுள் இத்தகைய நாளங்களில் ஏறக்குறைய பாதி அடைபடுகின்றன, அல்லது நலிகின்றன. மார்பு நாடியைக் கொண்டு அமைக்கும் வழியோ நெடுங்காலம் நிலைக்கிறது.

அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி பில் கிளின்டனுக்கு 2004இல் நான்கு மாற்றுவழிகள் அமைக்கப்பட்டன. 2010 பெப்ரவரியில் மார்பில் மீண்டும் அசௌகரியம் தோன்றவே, வைத்தியரை நாடினார். மாற்றுவழிகளுள் ஒன்று முற்றாக அடைபட்டிருந்தது. வைத்தியர்கள் அந்நாளத்தை விடுத்து, பழைய நாடியையே திறந்து இரண்டு ஸ்டென்ட்களைப் பொருத்தினர். மறுநாளே அவர் வீடு திரும்பினார்.

பழைய நாடியை நாடியதேன்? நலிந்த நாளத்தினுள் ஸ்டென்ட் செலுத்தினால், அங்குள்ள கசடு பெயர்ந்து கீழேயுள்ள நுண்குழாய்களை அடைக்கக்கூடும். மார்பை மறுமுறை திறப்பதோ முதன்முறையினும் ஆபத்து மிக்கது.

ஆகவே, நடக்கையில் மார்பு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ, அதனை வாய்வென்று தள்ளிவிடுதல் ஆகாது. நீரிழிவுடையோருக்கு நோவே தோன்றாமலும் போகலாம். ஈ.சீ.ஜீ., நடைச்சோதனை, சீ.ரி. ஸ்கான், தேவையெனின் அஞ்சியோகிராம் எனப் படிப்படியாக அடைப்பைக் கண்டறிய வழிகளுண்டு. மருந்தினாலேயே கட்டுப்படுவோரும் உளர்.

வழக்காடுவோர் அறிவர்: தடையுத்தரவு பெற்றதோடு வழக்கு முடிவதில்லை. தவணை தவறியவன் தன் வழக்கைத் தானே தோற்கிறான். சத்திரசிகிச்சையும் அத்தகைய தடையுத்தரவே. புகைத்தலை அறவே விடுங்கள்! அஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் மருந்தையும் வைத்தியர் சொல்லாது நிறுத்தாதீர்கள்! ஓய்ந்திருக்கையிலும் நெஞ்சு நொந்தால், அக்கணமே வைத்தியசாலைக்கு விரையுங்கள்! "நாளை பார்ப்போம்" என்போருக்கு நாளை என்பது வாராமலே போகலாம்.