தனிவழிப் பயணம்

கோடை விடுமுறையில் நம் மாணவர் கூட்டமாய்ச் சுற்றுலா செல்வர். தனியே புறப்பட்டால் பெற்றோர் தடுப்பர். 1325-இல், தம் 21-ஆம் வயதில், மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து துணையின்றிப் புறப்பட்ட இப்னு பதூதா, பின்னாளில் நம் மதுரை வரை வந்தார். நமக்கு அத்துணைத் தொலைவு வேண்டா. பேராவூரணியிலிருந்து மிதிவண்டியில் மனோராவுக்குச் செல்லலாம். உறவினர் தென்னந்தோப்பில் கூடாரமிட்டுத் தங்கி, விடியலில் கடலோரம் ஓடலாம். 2018-இல் கஜா புயல் சாய்த்த தோப்புகளின் கதையை உழவரிடமே கேட்கலாம். 2022-இல் பாக் விரிகுடாவில் அரசு அறிவித்த கடற்பசுக் காப்பகத்தைப் பற்றி மீனவரிடம் கேட்டு அறியலாம். வழி கேட்கும் பணிவும் தன்னைக் காக்கும் துணிவும் வகுப்பறையில் மட்டும் வாரா. ஆதலின் பெரியோர்களே, செல்லுமிடமும் திரும்பும் நாளும் கேட்டறிந்து, மகனுக்கும் மகளுக்கும் விடைகொடுங்கள்.