ஏழுக்கு ஒன்று

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி முத்தமிழ் விழாவின் சொற்போட்டிக்கு நான் நடுவர். ‘மக்கள் பிரதிநிதி கேட்க வேண்டியது மக்களின் குரலையா, மனச்சான்றின் குரலையா?’ என்பது தலைப்பு. மக்களின் குரலையே என்று பேசிய மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, அமெரிக்காவிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டுவந்தாள். வடக்கு டகோட்டாவின் செனட்டர் ஹைடி ஹெய்ட்கேம்ப், தன் கட்சித் தலைமை ஆதரித்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுத் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தார். தன் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் எதிர்ப்பு ஏழு என்றால் ஆதரவு ஒன்றுதான், என் மக்கள் சொன்னதைச் செய்தேன் என்றார். “தலைமையை மீறித் தொகுதியின் பக்கம் நின்ற பெண்!” என்று அவள் முடித்தபோது அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். முதற்பரிசையும் அவளுக்கே கொடுத்தேன்.

அந்தத் தீர்ப்பைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். பிழை அவளுடையதன்று. ஏழும் ஒன்றும் எப்படி வந்தன என்று நடுவரான நான் கேட்டிருக்க வேண்டும்.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆறு பெரியவர்களும் பெண்கள்.  கொலையாளி பள்ளிக்கு வரும் முன் வீட்டில் தன் தாயைக் கொன்றிருந்தான், துப்பாக்கிகள் அவளுடையவை. நான்கு மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 17 அன்று, செனட்டில் ஒரு திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அது யாருடைய துப்பாக்கியையும் பிடுங்கவில்லை. உரிமம் பெற்ற கடைக்காரர் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி முன்பே இருந்தது. துப்பாக்கிச் சந்தைகளிலும் இணைய விளம்பரம் வழியாகவும் தனியாட்கள் விற்பதற்கும் அதை நீட்டிப்பதுதான் திருத்தம். அந்நாளைய கருத்துக்கணிப்புகளில் பத்தில் ஒன்பது அமெரிக்கர் இப்படிப்பட்ட சோதனையை ஆதரித்தார்கள். தேவை 60 வாக்குகள், கிடைத்தவை 54. முடிவு அறிவிக்கப்பட்டதும் பார்வையாளர் மாடத்திலிருந்து ‘வெட்கக்கேடு’ என்று ஒரு குரல் எழுந்தது. 2011இல் அரிசோனாவில் ஒருவன் சுட்டுக்கொண்டே வந்து மறுபடி தோட்டா நிரப்ப முயன்றபோது, அவன் கையிலிருந்த தோட்டாப் பெட்டியைப் பறித்த, அறுபதைக் கடந்த பெண் அவர். அவரை வெளியே கொண்டுபோனார்கள்.

பத்தில் ஒன்பது பேர் கேட்ட ஒன்று, செனட்டரின் தொலைபேசியில் எப்படி ஏழுக்கு ஒன்றாகச் சுருங்கியது? நாடு வேறு, வடக்கு டகோட்டா வேறு என்பார்கள். ஓரளவுக்கு உண்மை, அது வேட்டைக்காரர்களின் மாநிலம். ஆனால் தொலைபேசி மணி தானாக அடிப்பதில்லை. தேசிய ரைஃபிள் சங்கம் ஒவ்வொரு வேட்பாளருக்கும் நம் விடைத்தாள் போல மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறது. சட்டம் வருகிறதென்றால் உறுப்பினர்களை உசுப்பி அழைக்கச் சொல்கிறது. துப்பாக்கி ஒன்றுக்காகவே வாக்களிப்பவர் அழைப்பார். சோதனை இருந்தால் நல்லது என்று நினைப்பவர், நினைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

நம் தெருவில் வாக்குக் கேட்டு வருபவர்களை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறக்கும் பெண்ணிடம் “வீட்டுல சார் இல்லீங்களா?” என்பார்கள். இருபது வருடமாகச் சம்பளம் வாங்கி, வரி கட்டி, முனைவர் பட்டமும் வைத்திருக்கும் என்னிடமும் கேட்டார்கள். தொகுதியின் கருத்து என்பது பல நேரம் அந்த ‘சார்’ சொன்ன கருத்துதான்.

அமெரிக்க வீட்டில் அந்தச் சாரின் இடுப்பில் துப்பாக்கியும் இருந்தால்? 2016இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, கணவனோ காதலனோ துப்பாக்கியைக் காட்டி மிரட்டிய பெண்கள் அந்த நாட்டில் ஏறக்குறைய 45 லட்சம் பேர். அவன் சுட வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசைமேல் எடுத்து வைத்தால் போதும். அந்தப் பெண் எந்த எண்ணுக்கு அழைத்து, எந்தக் குரலில், “நான் உங்கள் தொகுதி வாக்காளர், திருத்தத்தை ஆதரியுங்கள்” என்பாள்? அடிக்கும் ஆணின் கைக்குத் துப்பாக்கி எட்டினால் அவள் கொல்லப்படும் வாய்ப்பு ஐந்து மடங்காகும் என்று 11 நகரங்களில் நடந்த ஆய்வு 2003இலேயே சொல்லிவிட்டது. அவள் ஏழிலும் இல்லை, ஒன்றிலும் இல்லை.

குரல் கொடுத்த பெண்ணுக்கு என்ன நடந்தது? 2012 அக்டோபரில், சாண்டி ஹூக்குக்கு இரண்டு மாதம் முன்பு, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெண் நீதிபதியின் முன் நின்று தன் கணவனைப் பற்றிப் பேசினார். நீதிமன்றம் கேட்டது, அவன் அவரை நெருங்கக் கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கடைக்குப் போயிருந்தால் சோதனையில் மாட்டியிருப்பான். இணைய விளம்பரம் பார்த்துத் தனியாள் ஒருவரிடம் வாங்கினான். சில நாட்களில் அவர் வேலை பார்த்த அழகு நிலையத்துக்குள் நுழைந்து அவரையும் வேறு இரண்டு பெண்களையும் கொன்றான். அந்த ஏப்ரலில் செனட் திறந்தே விட்டுவைத்த வழி இதுதான்.

பெண்களும்தானே துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், அது அவர்களின் தற்காப்பு இல்லையா என்று என் வகுப்பிலேயே கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2023இன் பியூ ஆய்வுப்படி அமெரிக்க ஆண்களில் 40 விழுக்காட்டினரும் பெண்களில் 25 விழுக்காட்டினரும் துப்பாக்கி உடையவர்கள். தனியாக வாழும் பெண்ணின் அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தத் திருத்தம் அவளுடைய துப்பாக்கியைத் தொடவில்லை. அவள் யாருக்குப் பயந்து அதை வாங்கினாளோ, அவன் வாங்குவதைத்தான் தடுக்க முயன்றது.

சட்டம் பெண்ணை எண்ணும் விதத்தையும் பாருங்கள். குடும்ப வன்முறைக்காகத் தண்டிக்கப்பட்டவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று 1996இல் விதி வந்தது. அடிபட்டவள் அவனுக்கு மனைவியாக, முன்னாள் மனைவியாக, அவன் பிள்ளைக்குத் தாயாக, அல்லது அவனோடு ஒரே வீட்டில் வாழ்பவளாக இருக்க வேண்டும். வெறும் காதலி என்றால் கணக்கில் இல்லை. தாலி, தொட்டில், கூரை ஆகிய மூன்றில் ஒன்றைக் காட்டினால்தான் அவள் பெண். இந்த ஓட்டையை அடைக்கும் பிரிவு 2022 மார்ச்சில் பெண்களுக்கெதிரான வன்முறைத் தடுப்புச் சட்டம் புதுப்பிக்கப்பட்டபோது கைவிடப்பட்டது, செனட்டில் தேறாது என்று. மே மாதம் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். ஜூனில் அதே பிரிவு, நீர்த்த வடிவில், சட்டமானது.

திருத்தத்தை எதிர்த்த இன்னொரு பெண் செனட்டர், நியூ ஹாம்ப்ஷயரின் கெல்லி அயோட். அதே ஏப்ரல் இறுதியில் வாரன் என்ற சிற்றூரில் அவர் நடத்திய கூட்டத்துக்குச் சாண்டி ஹூக்கில் கொல்லப்பட்ட பள்ளி முதல்வரின் மகள் போயிருந்தார். துப்பாக்கிக் கடைக்காரர்களுக்குச் சுமை என்றீர்களே, என் அம்மா தன் பள்ளியின் நடைக்கூடத்தில் சுடப்பட்ட சுமை அதைவிடக் குறைந்ததா என்று கேட்டார். அயோட் வருத்தம் தெரிவித்துவிட்டு, சாண்டி ஹூக்கில் பிரச்சினை பின்னணிச் சோதனை அன்று என்று மனநலத்தின் பக்கம் போனார். மகள் எழுந்து வெளியேறினார். 2016இல் அயோட் ஆயிரம் வாக்கு அளவில் தோற்றார். 2024இல் அதே மாநிலத்தின் ஆளுநராக வென்றார். ஆகவே மக்கள் தண்டித்துவிடுவார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

எனக்கு உறுத்துவது ஹெய்ட்கேம்ப்தான். 2018 அக்டோபரில் பிரெட் கவனாவின் உச்ச நீதிமன்ற நியமனம் செனட்டுக்கு வந்தது. கிறிஸ்டின் பிளேசி ஃபோர்ட் அவருக்கெதிராகச் சாட்சி சொல்லியிருந்தார். வடக்கு டகோட்டா டிரம்பின் கோட்டை. தேர்தலுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஆதரித்து வாக்களிப்பதே பிழைக்கும் வழி என்று ஹெய்ட்கேம்புக்கே தெரியும். எதிர்த்து வாக்களித்தார். தன் தாயும் பதின்வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்று அப்போது ஒரு பேட்டியில் சொன்னார். ஆக, மணியடிக்கும் தொலைபேசிகளைத் தாண்டி ஒரு பெண்ணின் சாட்சியத்தைக் கேட்க அவருக்குத் தெரிந்தே இருந்தது. 2013இல் ஏன் கேட்கவில்லை?

சென்ற மாதம் சான்றிதழ் வாங்க வந்த அந்த மாணவியிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். “2018ல அவங்க ஜெயிச்சாங்களாம்மா?” என்றாள். இல்லை, பெரிய வித்தியாசத்தில் தோற்றார் என்றேன்.

“அதைப் பாக்கற அடுத்த செனட்டர் மறுபடி ஃபோனைத்தானேம்மா எண்ணுவாங்க?”

துறைக்கு வெளியே அவள் தோழிகள் காத்திருந்தார்கள். சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.