கொல்லைப்புறத்தில் ஓர் அமெரிக்கர்

புருஷர்களுக்கு ஐம்பது வயதை நெருங்கும்போது ஏதாவது ஒரு பித்துப் பிடிக்கும் என்பார்கள். சிலருக்கு ஜோசியம், சிலருக்கு ரோஜாச் செடி, சிலருக்கு ஹோமியோபதி. இவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால், "தாத்தாவின் பழைய பிளைமவுத்தை நானே ரிப்பேர் செய்து ஓட்டிக் காட்டுகிறேன்!" என்று ஒருவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் அந்த வீட்டு அம்மாளின் கதி என்ன? ரோஜாச் செடி ஒரு தொட்டியில் அடங்கும். இதுவோ 16 அடி நீளம். கழற்றிப் பரப்பினால் கொல்லைப்புறம் முழுவதும் போதாது, கூடத்துக்கும் வந்துவிடும்.

இந்த அமெரிக்கர் நம் வீட்டுக் கொல்லைக்கு எப்படி வந்தார் என்பதே ஒரு கதை. வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி, சுதந்திரம் வந்த 1947-ஆம் ஆண்டிலிருந்து பம்பாய் குர்லாவில் கிரைஸ்லர் வண்டிகளை உதிரிகளாகத் தருவித்துப் பூட்டி விற்றது. பிளைமவுத், டாட்ஜ், டி ஸோட்டோ என்று மூன்று பெயர். அதற்கு முன்பே, 1928 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டிக் கொண்டிருந்தது. பிறகு அரசாங்கம், 'இங்கேயே உற்பத்தி செய்வதானால் இருங்கள். வெறுமே பூட்டி விற்பதானால் மூட்டை கட்டுங்கள்' என்ற கொள்கையை 1953-ல் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே ஜெனரல் மோட்டார்ஸ் மூட்டை கட்டிவிட்டது. உதிரி சாமான் வரத்து சுருங்கியது. ஊரில் மிச்சம் நின்ற அமெரிக்க வண்டிகளுக்குப் பிறந்த வீட்டு ஆதரவு அற்றுப் போயிற்று.

அந்த மூன்று பெயரைப் பற்றி ஒரு ரகசியம் சொல்ல வேண்டும். வெளிநாடுகளுக்கென்று கிரைஸ்லர் அனுப்பிய டாட்ஜ் கிங்ஸ்வே, டி ஸோட்டோ டிப்ளமட் ஆகியவை உள்ளுக்குள் பிளைமவுத்தேதான். மூக்கும் முகப்பும் பெயர்ப் பட்டையும் மட்டும் வேறு. ஒரே புடவையை மூன்று அக்கா தங்கைகள் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்ட மாதிரி! ஆகவே டாட்ஜுக்குச் சாமான் அகப்படவில்லையே என்று தலையில் கை வைத்து உட்காரும் வீட்டுக்காரருக்கு, பிளைமவுத் சாமானைத் தேடச் சொல்லுங்கள். பாதிக் கவலை தீரும்.

நம் பக்கத்து ஜனங்கள் இவற்றைப் 'பிளஷர்' என்று அழைத்தார்கள். உல்லாசத்துக்காக வந்த வண்டிதான். ஆனால் 6 சிலிண்டர், சுமார் 3.6 லிட்டர் எஞ்சின். பெட்ரோல் குடிப்பதற்குக் கேட்பானேன்? முதலாளி வீட்டில் கட்டுப்படியாகாமல் கை மாறி, டாக்ஸிக்காரரிடம் வந்து சேர்ந்ததும் பல வண்டிகளின் எஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சினை வைத்தார்கள். கல்யாணம், காது குத்து, ஆஸ்பத்திரி என்று குடும்பம் குடும்பமாக அடைத்துக்கொண்டு அது ஓடிற்று. நாம் மட்டுமல்ல, 1960-களில் அமெரிக்கா வியாபாரத்தை நிறுத்திக்கொண்ட கியூபா தேசத்திலும் இதே கதைதான். அங்கேயும் பழைய செவர்லேக்களின் வயிற்றில் ருஷ்ய எஞ்சின்கள் ஏறின.

இனி விஷயத்துக்கு வருவோம். பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகும் வழியில் காடாம்புலியூர் என்ற ஊர் இருக்கிறது. பலாவும் முந்திரியும் மண்டிய பிரதேசம். அங்கே ஒரு வீட்டுக் கொட்டகையில் இப்படியொரு பிளைமவுத் நிற்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 2011 டிசம்பரில் 'தானே' புயல் அந்தப் பக்கத்துத் தோப்புகளையெல்லாம் சாய்த்தபோது கூரையும் அதன் மேலே விழுந்தது என்றும் வைத்துக் கொள்ளுங்கள். வீட்டுக்காரர் நெய்வேலியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1957-ல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த காலத்திலிருந்து அந்தப் பக்கத்தில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. வெல்டர் உண்டு, கடைசல்காரர் உண்டு. வசதிக்குக் குறைவில்லை. பிறகு எங்கேதான் வேலை கெட்டுப் போகிறது?

கழற்றுவதில்தான்! ஆசை மிகுதியால் முதல் மாதமே வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துவிடுகிறார்கள். இரண்டாவது மாதம் ஒரு சாமான் கிடைக்காது. மூன்றாவது மாதம் பெண்ணுக்கு வரன் வரும். ஒரு வருஷம் கழித்து எந்த போல்ட் எந்தத் துவாரத்துக்கு என்று அந்தப் பிரம்மாவுக்கும் தெரியாது. கடைசியில் பாதி வண்டி பழைய இரும்புக் கடைக்கும், மீதி வண்டி மாடிப்படிக்கு அடியிலும் போய்ச் சேரும். பெயின்டும் பளபளப்பும் பிறகு ஆகட்டும். முதலில் எஞ்சின் உயிர்பெற்று, பிரேக் பிடித்து, வண்டி தானாக நகர வேண்டும் என்பது என் கட்சி. பத்தடி நகர்ந்த வண்டியைக் குடும்பம் கைவிடாது. நகராத வண்டிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீட்டில் சண்டைதான்.

இந்த இடத்தில் சகோதரிகளின் கைத்திறன் மிகவும் உபயோகப்படும். ஊறுகாய்ப் பாட்டிலில் தேதி எழுதி ஒட்டுகிறவர்கள் நீங்கள். காலி ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனித்தனியே போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். செலவுக்கு ஒரு தனி நோட்டு. அதை மளிகைக் கணக்கோடு சேர்க்கவே கூடாது.

அமெரிக்கர் அல்லவா, சில விபரீதப் பழக்கங்கள் இவருக்கு உண்டு. கிரைஸ்லர் வண்டிகளில் இடது பக்கத்துச் சக்கர போல்ட்டுகளுக்கு மரை தலைகீழ். எல்லா ஊரிலும் இடப்பக்கம் திருகினால் கழலும்; இதில் வலப்பக்கம் திருகினால்தான் கழலும். தெரியாதவர் பலங்கொண்ட மட்டும் இறுக்கி, போல்ட்டையே முறித்துவிடுவார். மரைகளெல்லாம் அங்குலக் கணக்கு. மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டால் போல்ட் தலை மழுங்கிவிடும். 1955 வரை வந்த வண்டிகளில் மின்சாரம் 6 வோல்ட். அதிலும் நேர் முனைதான் உடம்போடு சேர்ந்திருக்கும். இன்றைய 12 வோல்ட் பாட்டரியை இன்றைய வழக்கப்படி மாட்டினால் பல்புகள் போகும், டைனமோவும் கெடும்.

பல வருஷம் நின்றுபோன எஞ்சினை உடனே சாவி போட்டு முடுக்கக் கூடாது. பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, நாலைந்து நாள் ஊறவைத்து, பிறகு கையால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடியும் சூடு தாங்கவில்லையானால், ரேடியேட்டர் மீது மட்டும் பழி போடாதீர்கள். இந்த எஞ்சினுக்குள்ளே, தண்ணீர்ப் பம்புக்குப் பின்னால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் நீளமான தகரக் குழாய் ஒன்று ஒளிந்திருக்கிறது. அது துருப்பிடித்து இற்றுப் போயிருந்தால் முன் சிலிண்டர்கள் குளிர்ந்திருக்க, பின் சிலிண்டர்கள் கொதிக்கும். பந்தியில் முதல் வரிசைக்கே பாயசம் தீர்ந்துபோன மாதிரி!

பிரேக் விஷயத்தில் வேடிக்கை கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே எண்ணெய் வழிதான். பழைய ரப்பர் குழாய் ஒன்று வெடித்தாலும் நான்கும் போயிற்று. ரப்பர் சாமான் அனைத்தையும் புதிதாக மாற்றாத வண்டியில் குழந்தைகளை ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதம் செய்யுங்கள். பெட்ரோல் பம்பின் ரப்பரும் அப்படியே. இப்போது பங்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரும் தக்கையும் அதைத் தாங்குவதில்லை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருந்திருக்கும். அந்தத் தூசியை ஊதித் தள்ளாமல் நீரில் நனைத்துத் துடைக்க வேண்டும். காலியான பெட்ரோல் டாங்க்கை வீட்டில் வெல்டிங் வைப்பது மாத்திரம் கூடவே கூடாது. பெட்ரோல் இல்லாத டாங்க்தானே என்பார்கள். ஆவி இருக்கிறதே!

துருவுக்கு ஓர் எளிய வைத்தியம் உண்டு. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி வாஷிங் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த சின்னச் சாமானை பாட்டரி சார்ஜரின் எதிர் முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர் முனையிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் நீருக்குள் தொங்கவிட்டால், ராத்திரி ஒரு பொழுதில் துரு இளகி வரும். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். எரியக்கூடிய வாயு கிளம்பும். தகட்டுக்குப் பதிலாக அடுக்களையிலிருந்து எவர்சில்வர் தட்டை எடுத்துப் போகிறாரா என்று ஒரு கண் வைத்திருங்கள். தட்டு போவது மட்டுமல்ல, நஞ்சான குரோமியம் நீரில் கலந்துவிடும்.

முழுதாக மீட்ட வண்டி எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? கோவை அவிநாசி ரோட்டில் 2015-ல் ஜீடி கார் காட்சிசாலையும், சென்னை வடபழனி ஏவி.எம். ஸ்டூடியோவில் 2023-ல் பாரம்பரியக் காட்சிசாலையும் திறந்தார்கள். லீவு நாளில் குழந்தைகளோடு போகலாம். ஆனால் அங்கே நிற்கும் பளபளப்பைப் பார்த்துவிட்டு வந்து வீட்டு வண்டியைத் திட்ட வேண்டாம்.

கடைசியில் வருவது காகிதம். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா, அதிலுள்ள எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளவைதானா? மத்திய அரசாங்கம் 2021-ல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டு வந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000. நம்பர்ப் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ரிப்பேருக்கும் பெட்ரோல் போடவும் ஓட்டலாம். தினசரி ஆபீஸுக்கு ஓட்டக் கூடாது. முக்கியமான நிபந்தனை, வண்டி அதன் அசல் ரூபத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், கூடு, எஞ்சின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது.

இங்கேதான் காடாம்புலியூர் வீட்டில் தர்க்கம் ஆரம்பமாகிறது. தாத்தா வாங்கியபோது இருந்தது பெட்ரோல் எஞ்சின். டாக்ஸி ஓட்டி இரண்டு அத்தைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்ததோ டீசல் எஞ்சின். எது அசல்? சட்டத்தைக் கேட்டால் பெட்ரோல். மாமியாரைக் கேட்டால் டீசல். என் அபிப்பிராயம், பணத்தை இறக்குவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும் என்பது. பழைய எஞ்சின் எங்கேயாவது கோணிக்கடியில் அகப்பட்டால், நம்பரும் ஒத்துப்போனால், அதை ஏற்றிப் பதிவு செய்யுங்கள். அகப்படாவிட்டால் வேறோர் எஞ்சினை வாங்கி நம்பரைத் தட்டி ஏமாற்றும் யோசனை சொல்கிற தரகர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம். டீசலோடேயே சுத்தம் செய்து, ஆர்.சி.யில் முறைப்படி அந்த மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, வி.ஏ. எழுத்துக்களை மறந்துவிட்டு வைத்துக் கொள்வதிலும் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

பெட்ரோல் எஞ்சினே ஏறுவதாக முடிவானால், கழற்றி வைத்த டீசலுக்கு எண்ணெய் தடவி, தார்ப்பாய் போட்டு ஓர் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். பழைய இரும்புக்காரர் எடை பார்க்க வருவதற்கு முன் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.